கோடையிலும் கொல்லும் குளிர்

மலை முகாமில் இரவு தங்கப் போகிறவர்கள் ஸ்வெட்டரை மறப்பதில்லை. மறப்பது தரையை, ஈரத்தை, அதிகாலை 4 மணியை.

ஜூன் மாதம். ஹிமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பகுதியில், சுமார் 4,250 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்திரதால் ஏரிக்குச் சில கிலோமீட்டர் முன்னால் வரிசையாகக் கூடாரங்கள். (ஏரிக்கரையிலேயே கூடாரம் அடிக்க அனுமதி இல்லை.) பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. சமவெளியிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் அரைக்கைச் சட்டையோடு போட்டோ எடுத்துக்கொள்கின்றன. இரவு 9 மணிக்குச் சூடான ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழையும்போது, "இவ்வளவுதானா குளிர்? இதற்கா இத்தனை பயமுறுத்தினார்கள்?" என்றுகூடத் தோன்றும்.

மூன்று மணிக்குக் கதை மாறுகிறது. முதுகுக்குக் கீழே யாரோ ஐஸ் பாளங்களை அடுக்கிவிட்டுப் போனது மாதிரி இருக்கும். கால் விரல்கள் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். "என்னங்க, தூங்கிட்டீங்களா?" என்று இருட்டில் மெல்லிய குரல் கேட்கும். தூங்கியிருந்தால்தானே? கொண்டுவந்த துணிகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, விடியலுக்காகக் காத்திருக்கும் பட்டியலில் அந்தக் கூடாரத்தில் இருக்கும் எல்லோரும் சேர்ந்திருப்பார்கள்.

பெரும்பாலும் இது காலை டீயோடு முடிந்து, ஊர் திரும்பியதும் சொல்லிச் சிரிக்கும் கதையாகிவிடுகிறது. எப்போதும் அப்படி முடிவதில்லை. 2024 மே கடைசியில் உத்தராகண்டின் சஹஸ்ர தால் ஏரிக்கு 22 பேர் கொண்ட குழு ஒன்று கிளம்பியது. பெரும்பாலோர் கர்நாடகத்திலிருந்து வந்தவர்கள். ஜூன் முதல் வாரத்தில், 4,000 மீட்டருக்கு மேலே, திரும்பும் வழியில் பனிப்புயல் சூழ்ந்தது. முகாமை அடைய முடியாமல் வெட்டவெளியில் தங்க நேர்ந்தது. 9 பேர் இறந்தார்கள். மற்ற 13 பேரை மீட்க விமானப் படை ஹெலிகாப்டர்களும் மாநிலப் பேரிடர் மீட்புப் படையும் தேவைப்பட்டன. அதே வாரத்தில் டெல்லியில் வெயில் தாங்க முடியவில்லை என்று மக்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

இன்னும் பின்னால் போனால் 1996. அந்த ஆண்டு ஆகஸ்டில் அமர்நாத் யாத்திரைப் பாதையில் எதிர்பாராத மழையும் பனியும் தாக்கியபோது 240க்கும் அதிகமான யாத்ரீகர்கள் குளிருக்கும் களைப்புக்கும் பலியானார்கள். யாத்திரைக்கு வருகிறவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது பற்றியெல்லாம் பேச்சு வந்தது அதற்குப் பிறகுதான். இரண்டு சம்பவங்களுமே குளிர் காலத்தில் நடந்தவை அல்ல என்பதுதான் கவனிக்க வேண்டியது.

காட்டிக்கொடுக்கும் கணக்கு

மலையில் ஏறினால் குளிரும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எவ்வளவு குளிரும் என்பதைத்தான் யாரும் கணக்குப் போடுவதில்லை. தோராயமாக 1,000 மீட்டர் உயரத்துக்கு 6.5 டிகிரி செல்ஷியஸ் வெப்பம் குறைகிறது. டெல்லியில் பகல் வெப்பம் 42 டிகிரி என்றால், அதைவிட 4,000 மீட்டர் உயரமான இடத்தில் 16 டிகிரி. இது பகல் கணக்கு. இரவு வேறு விவகாரம்.

சென்னையிலும் மதுரையிலும் இரவில் காற்றில் இருக்கும் ஈரமும் மேகமும் ஒரு கம்பளிபோலத் தரையின் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. லாஹுல், ஸ்பிதி, லடாக் மாதிரியான வறண்ட உயரங்களில் அந்தக் கம்பளி கிடையாது. காற்று மெலிது, வானம் துல்லியம். சூரியன் மறைந்ததும் தரை தன் சூட்டையெல்லாம் நேராக வானத்துக்கு அனுப்பிவிடுகிறது. நட்சத்திரங்கள் எவ்வளவு அழகாகத் தெரிகின்றனவோ, அந்த அளவுக்கு அந்த இரவு குளிரப்போகிறது என்று அர்த்தம். ஜூனிலும் பாதரசம் பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ போய் நிற்பது அங்கே அதிசயம் இல்லை.

காற்று அடித்தால் இன்னும் மோசம். வெப்பமானி பூஜ்யம் காட்டும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 6 டிகிரிக்கும் கீழே இருப்பதுபோல் உறைக்கும். துணி நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடலின் வெப்பத்தைக் கடத்துகிறது. உயரம், காற்று, ஈரம் ஆகிய மூன்றும் ஒன்று சேரும் இடத்தில் மே மாதமும் டிசம்பர் மாதம்தான்.

இரவின் மிகக் குளிர்ந்த நேரம் விடியலுக்குச் சற்று முந்தையது. மனித உடலின் வெப்பமும் ஒரு நாளில் மிகக் குறைவாக இருப்பது ஏறக்குறைய அதே நேரத்தில்தான். சாப்பிட்ட சாப்பாடும் அதற்குள் கரைந்துபோயிருக்கும். ஆகவே கூடார இரவுக்கான ஏற்பாட்டை 9 மணிக் குளிரை வைத்து முடிவு செய்கிறவர் ஏமாறுகிறார். 4 மணிக் குளிரை நினைத்துச் செய்கிறவர் தூங்குகிறார்.

கீழேயிருந்து வரும் திருடன்

போர்வை சூடு தருகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் எந்தப் போர்வையும் சூடு தருவதில்லை. தூங்கும் மனித உடல் 70, 80 வாட் அளவுக்கு, அதாவது பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவுக்கு, வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. அதை வெளியே விடாமல் பிடித்து வைப்பது மட்டுமே போர்வையின் வேலை. அதைச் செய்வதும் துணியல்ல. துணிக்குள்ளும் பஞ்சுக்குள்ளும் சிறைப்பட்டிருக்கும் அசையாத காற்று.

இதில்தான் முதல் தவறு நடக்கிறது. ஸ்லீப்பிங் பேக்கில் படுத்தவுடன் அடிப்பகுதி உடல் எடையில் நசுங்கிவிடுகிறது. நசுங்கிய இடத்தில் காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் காப்பும் இல்லை. மேலே எத்தனை ரஜாய் போர்த்தினாலும் முதுகு தரையோடு நேரடி வியாபாரம் நடத்திக்கொண்டிருக்கிறது. மயிலுக்குப் போர்வை தந்த பேகன் தமிழுக்கு வள்ளல்தான். ஆனால் மலைக் கூடாரத்தில் அந்தப் போர்வையைக் கீழே விரித்திருந்தால் அதிகப் பயன் இருந்திருக்கும்.

ஆகவே முதல் செலவு பாய்க்கு. தண்ணீரை உறிஞ்சாத, அடர்த்தியான ஃபோம் பாய் மலிவானது, பஞ்சர் ஆகாது. காற்றடிக்கும் பாய் மெத்தென்று இருக்கும். ஆனால் உள்ளே காப்பு இல்லாத சாதாரண ரகத்தில் அடைபட்ட காற்றே குளிர்ந்து முதுகைத் தாக்கும். பாய்கள் எவ்வளவு தூரம் வெப்பத்தைத் தடுக்கின்றன என்பதற்கு 'ஆர் வேல்யூ' என்று ஓர் அளவு உண்டு. சாதாரண ஃபோம் பாய்க்கு அது 2 அளவில் இருக்கும். பனித் தரையில் படுக்க வேண்டுமென்றால் 4, 5 தேவை. இந்த எண்களைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது வசதி. ஒரு ஃபோம் பாய்க்கு மேல் இன்னொரு பாயைப் போட்டால் இரண்டின் பலமும் சேரும்.

பாய் போதவில்லை என்றால் கைவசம் இருப்பதைக் கீழே போட வேண்டும். காலி செய்த முதுகுப் பை, செய்தித்தாள் அடுக்கு, உலர்ந்த புல், கயிற்றுச் சுருள், மழைக்கோட்டு எல்லாமே உதவும். போர்த்திக்கொள்ள இரண்டு கம்பளி கொடுத்தால் ஒன்றைக் கீழே விரித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். கட்டில் போட்ட பெரிய 'ஸ்விஸ்' கூடாரங்களில் தங்குகிறவர்கள் இதிலிருந்து தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கட்டிலுக்கு அடியில் குளிர்ந்த காற்று ஓடுகிறது. மெத்தை மெலிதாக இருந்தால் அதன் மேலும் ஒரு கம்பளி வேண்டும்.

கூடாரம் அடிக்கும் இடத்துக்கும் இதே விதி. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஓடைக்கரையில் படுத்தால் சலசலப்பு காதுக்கு இனிமை, உடம்புக்குத் தண்டனை. பள்ளத்தின் அடியிலிருந்து சற்று மேலே, காற்றுக்குப் பாறையோ மேடோ தடுப்பாக இருக்கும் சமதளம்தான் சரியான இடம். காலையில் முதல் வெயில் விழும் பக்கம் என்றால் கூடுதல் லாபம். மூன்று பேர் கூடாரத்தில் ஒருவர் படுப்பதைவிட, இரண்டு பேர் கூடாரத்தில் இரண்டு பேர் படுப்பது கதகதப்பு.

அட்டையில் எழுதியிருப்பது

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது "மைனஸ் 10 வரைக்கும் தாங்கும் சார்" என்று கடைக்காரர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எந்த எண்ணைச் சொல்கிறார் என்பதுதான் கேள்வி. சர்வதேசத் தர முறைப்படி சோதிக்கப்பட்ட பைகளில் மூன்று எண்கள் இருக்கும். 'கம்ஃபர்ட்' என்பது ஒரு சராசரிப் பெண் நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. 'லிமிட்' என்பது ஒரு சராசரி ஆண் உடலைக் குறுக்கிக்கொண்டு எப்படியோ எட்டு மணி நேரம் தூங்கக்கூடியது. 'எக்ஸ்ட்ரீம்' என்பது தூக்கத்தைப் பற்றியதே அல்ல. உயிர் பிழைப்பது பற்றியது. அந்த எண்ணை நம்பிப் போகிறவருக்கு உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையும் வாய்ப்பு இருக்கிறது என்று அந்தத் தர முறையே ஒப்புக்கொள்கிறது. சமவெளிக்காரர்கள் பார்க்க வேண்டியது முதல் எண்ணை மட்டும்தான்.

வாடகைப் பைகள் தனி ரகம். பல பருவங்கள் பலர் உருண்டு, பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கி, சப்பையாகிப் போயிருக்கும். பெயரளவுக்கு அது மைனஸ் 10 பை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கையால் அழுத்தி, விட்டதும் புஸ்ஸென்று மேலெழும்புகிறதா என்று பார்ப்பது நல்லது. ஜிப் கடைசிவரை ஏறுகிறதா என்பதையும் கடையிலேயே சோதிக்க வேண்டும், மலையில் அல்ல. துணியாலான உள் உறை ஒன்றை வீட்டிலிருந்தே தைத்து எடுத்துப் போனால் சுத்தத்துக்கும் ஆயிற்று, கொஞ்சம் கதகதப்புக்கும் ஆயிற்று. முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் பையை உதறி விரித்து வைத்துவிட வேண்டும். படுக்கும் நேரத்தில் சுருளைப் பிரித்தால் உள்ளே காற்று நிரம்ப அவகாசம் இருக்காது.

வாத்து இறகு நிரப்பிய பை எடை குறைவு, சூடு அதிகம். ஆனால் நனைந்தால் கட்டிதட்டிப் போய் உபயோகமில்லாமல் ஆகிவிடும். செயற்கை இழைப் பை கொஞ்சம் கனம். ஆனால் ஈரத்திலும் ஓரளவு வேலை செய்யும். மழைக் காலத்தை ஒட்டிப் போகிறவர்களுக்கு இரண்டாவதே நம்பகமானது.

குழந்தைகளுக்குப் பெரியவர்களின் பை பெரும் கிணறு. காலுக்குக் கீழே இருக்கும் வெற்றிடத்தைச் சூடாக்கவே பிள்ளையின் உடம்பு உழைத்துக்கொண்டிருக்கும். பையின் அடிப்பாகத்தை மடித்தோ கயிற்றால் கட்டியோ சிறிதாக்கிவிட வேண்டும். சிறு உடல்கள் பெரியவர்களைவிட வேகமாகக் குளிர்ந்துவிடும். வயதானவர்களுக்கு நடுக்கம் என்ற அபாய மணியே சரியாக அடிக்காமல் போகலாம். இந்த இரு தரப்பையும் கூடாரத்தின் நடுவில் படுக்க வைப்பது குடும்பத்துக்கு நல்லது.

பாட்டிகள் சொன்னதும் சொல்லாததும்

மலையேற்றக் கூட்டங்களில் வழிவழியாகச் சொல்லப்படும் வைத்தியங்களில் பாதி சரி, பாதி தப்பு.

உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகவே போய்விடும் என்பது பிரபலமான நம்பிக்கை. தலை தன் பரப்பளவுக்கு ஏற்ற பங்கைத்தான் இழக்கிறது. பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. இருந்தாலும் குல்லா வேண்டும். ஏனென்றால் மற்ற இடமெல்லாம் மூடியிருக்கும்போது திறந்திருப்பது தலை ஒன்றுதான். மார்கழியில் காதை மூடும் குல்லாவோடு வாக்கிங் போகும் தாத்தாவைப் பார்த்துச் சிரித்தவர்கள் இங்கே அவரை நன்றியோடு நினைத்துக்கொள்வார்கள்.

துணியில்லாமல் படுத்தால்தான் ஸ்லீப்பிங் பேக் நன்றாகச் சூடாகும் என்பது சுத்தக் கட்டுக்கதை. உலர்ந்த துணி எப்போதும் கூடுதல் காப்பு. அழுத்தம் 'உலர்ந்த' என்ற சொல்லில் இருக்கிறது. பகல் முழுக்க நடந்து வியர்த்த பனியன், பார்வைக்குக் காய்ந்ததுபோல் தோன்றும். ஆனால் இரவு முழுக்க ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்த கதைதான். சமவெளியில் உயிர் காக்கும் பருத்தி, மலையில் எதிரி. ஈரத்தை உறிஞ்சும், விடாது. ஜீன்ஸ் இன்னும் மோசம். கம்பளி நூலும் செயற்கை இழையும் அங்கே நண்பர்கள். முகாமுக்கு வந்தவுடன் உள்ளாடை முதல் காலுறை வரை மாற்றிவிட வேண்டும். படுப்பதற்கென்றே ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை பிளாஸ்டிக் பையில் கட்டித் தனியே வைத்திருந்து, வேறு எதற்கும் தொடாமல் இருப்பது அனுபவசாலிகளின் வழக்கம். மூன்று காலுறைகளை இறுக்கமாக மாட்டினால் பலன் தலைகீழ். ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் ஜில்லிட்டுப் போகும்.

நள்ளிரவில் சிறுநீர் கழிக்க வெளியே போக வேண்டுமே என்று அடக்கிக்கொள்கிறவர்கள் ஏராளம். குளிரும் உயரமும் சேர்ந்தால் சிறுநீர் அதிகமாகவே வரும். அடக்கினால் குளிர் குறையாது, தூக்கம்தான் போகும். போய்விட்டு வருவதே மேல். அதற்குப் பயந்து மாலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது தவறு. உயரத்தில் உடலுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும்.

இரவுச் சாப்பாட்டில் டயட்டுக்கு இடமில்லை. உடம்பு என்ற அடுப்புக்கு விறகு வேண்டும். நெய் தாராளமாக விட்ட பருப்பு சாதம், படுக்கும்முன் ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ வெல்லக் கடலை மிட்டாயோ போதும். படுக்கும்முன் கூடாரத்துக்கு வெளியே 20 தோப்புக்கரணம் போட்டு உடம்பைச் சூடாக்கிக்கொண்டு நுழைவது பலன் தரும். வியர்க்கிற அளவுக்குப் போடக் கூடாது. பை சூட்டைப் பிடித்து வைக்குமே தவிர உண்டாக்காது என்பதால், சூட்டோடு நுழைகிறவருக்கே அது உதவும்.

எல்லாவற்றிலும் மலிவான, சிறந்த உபாயம் ஒன்று இருக்கிறது. வெந்நீர் பாட்டில். மூடி கசியாத, கெட்டியான பாட்டிலில் சமையல் கூடாரத்திலிருந்து வெந்நீர் வாங்கி, காலுறைக்குள் போட்டு, பைக்குள் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டால் பல மணி நேரம் தாங்கும். தெர்மாஸ் ரகம் கூடாது. அது சூட்டை வெளியே விடாது. காலையில் அதே தண்ணீர் உறையாமல் குடிக்கக் கிடைக்கும்.

முகத்தைப் பைக்குள் புதைத்து மூச்சு விடுவதும், கூடாரத்தின் எல்லாத் துவாரங்களையும் அடைப்பதும் இயல்பாகச் செய்யத் தோன்றும் இரண்டு தவறுகள். மூச்சுக் காற்றின் ஈரம் பஞ்சில் இறங்கும். கூடாரத்தின் உள்பக்கம் நீர்த்துளிகளாகக் கோத்து மேலே சொட்டும். மேலே ஒரு திறப்பு இருந்தே ஆக வேண்டும்.

வாசனை இல்லாத விஷம்

இரண்டு விஷயங்களில் மட்டும் சமரசத்துக்கு இடமே இல்லை. ஒன்று மது. குளிருக்கு ரம் என்பது மலைப் பயணங்களோடு ஒட்டிப் பிறந்த பழக்கம். மது தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருந்த சூடு தோலுக்கு வந்து வெளியேறுகிறது. கதகதப்பாக உணரும் அந்த நேரத்தில்தான் உடலின் உள்வெப்பம் கரைகிறது. உயரத்தில் அது தூக்கத்தில் மூச்சையும் மந்தமாக்கும். தூக்க மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை.

இன்னொன்று நெருப்பு. கூடாரத்துக்குள் கரி அடுப்பு, ஸ்டவ், கேஸ் ஹீட்டர் எதுவும் கூடாது. எரிவதற்குக் காற்று போதாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனில் விடுதி அறை ஒன்றில் கேஸ் ஹீட்டரை வைத்துக்கொண்டு தூங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் 8 பேர் மறுநாள் காலை எழவில்லை. அவர்களில் 4 பேர் குழந்தைகள். 2024 ஜனவரியில் டெல்லியில் ஒரே நாளில் இரண்டு வீடுகளில் 6 பேர் இறந்தார்கள். குளிர் காய அங்கீட்டி என்ற கரி அடுப்பை அறைக்குள் வைத்திருந்ததுதான் காரணம். வீட்டு அறைக்கே இந்தக் கதி என்றால் ஜிப் போட்டு மூடிய நைலான் கூடாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மலையில் இதில் இன்னொரு சூட்சுமம். தலைவலி, குமட்டல், மயக்கம் ஆகிய விஷவாயுவின் அறிகுறிகளே உயரத்தால் வரும் மலை நோயின் அறிகுறிகளும். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப் பாதை திறந்த பிறகு மணாலியில் காலை காபி குடித்துவிட்டு, 2,000 மீட்டருக்கு மேல் ஏறி, மாலைக்குள் சந்திரதால் போய்ச் சேர்வது சுலபமாகிவிட்டது. உடம்பு அந்த வேகத்துக்குப் பழகுவதில்லை. இரவில் தலை பிளக்கிறதென்றால் குளிர்தான் என்று இழுத்துப் போர்த்திக்கொள்வது ஆபத்து. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் விடியும்வரை காத்திருக்காமல் கீழே இறங்குவதே மருந்து.

நடுக்கம் நின்றால்

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அதற்கு 'ஹைபோதெர்மியா' என்று பெயர். முதலில் கட்டுப்படுத்த முடியாத நடுக்கம். பிறகு கை நழுவும். ஜிப்பைப் போட வராது. பேச்சு குழறும். காரணமில்லாத எரிச்சல் அல்லது அலட்சியம் தலைகாட்டும். "எனக்கு ஒண்ணுமில்லை, விடுங்க" என்று சொல்கிறவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அதற்குப் பிறகு நடுக்கம் நின்றுவிட்டால், தேறிவிட்டார் என்று மகிழ்வது மரணப் பிழை. உடம்பு போராட்டத்தைக் கைவிட்டுவிட்டது என்று பொருள். சிலர் கடைசிக் கட்டத்தில் சூடாக இருப்பதாக உணர்ந்து துணிகளைக் கழற்றி எறிவதும் உண்டு.

செய்ய வேண்டியவை எளிமையானவை. காற்றிலிருந்து மறைவுக்குக் கொண்டுபோக வேண்டும். ஈரத் துணியை நீக்கி உலர்ந்ததைப் போர்த்த வேண்டும். மேலே மட்டுமல்ல, கீழேயும். துணி சுற்றிய வெந்நீர் பாட்டில்களை மார்பிலும் அக்குளிலும் வைக்கலாம். நினைவு தெளிவாக இருந்து, விழுங்க முடிந்தால் மட்டும் சூடான, சர்க்கரை நிறையப் போட்ட பானம். கை காலைப் பரபரவென்று தேய்ப்பது, நடக்க வைப்பது, பிராந்தி ஊற்றுவது ஆகிய சினிமா வைத்தியங்கள் கூடாது. நடுக்கம் நின்றவரைக் கண்ணாடிப் பாத்திரம்போல மென்மையாகக் கையாள வேண்டும். முரட்டுத்தனமாகத் தூக்கினாலே இதயம் தடுமாறலாம். உதவிக்கு ஆளனுப்புவதைத் தள்ளிப்போடக் கூடாது.

இந்த மலைகளிலேயே வாழ்கிறவர்கள் இந்த விதிகளைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அல்ல. ஹிமாச்சலின் கத்தி இடையர்கள் கோடையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தௌலாதார் மலைத் தொடரைக் கடந்து லாஹுல் வரை போகிறார்கள். முழங்கால்வரை தொங்கும் 'சோலா' என்ற கம்பளி அங்கி, அதை இடுப்பில் பல சுற்றுச் சுற்றி இறுக்கும் 'டோரா' என்ற கம்பளிக் கயிறு. கயிற்றுக்கு மேலே அங்கி பை மாதிரி தொங்கும் இடத்தில் உலர்ந்த காற்றும் தங்குகிறது, சமயத்தில் புதிதாகப் பிறந்த ஆட்டுக் குட்டியும் தங்குகிறது. லடாக்கின் சாங்தாங் பீடபூமியில் சாங்பா நாடோடிகளின் 'ரெபோ' கூடாரம் யாக் மயிரால் நெய்தது. நடுவில் அடுப்பு உண்டு. அதற்கு நேர் மேலே கூரையில் நீளத் திறப்பும் உண்டு. அவ்வளவு குளிரிலும் அந்தத் திறப்பை வைத்துத்தான் கூடாரம் அடிக்கிறார்கள். ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே ஸ்டவ் பற்றவைக்கும் சுற்றுலாப் பயணிக்கு அந்த ஓட்டை ஒரு பாடம்.

அவர்களிடம் கவனிக்க வேண்டிய இன்னொன்று, வானிலையோடு வாதாடாத குணம். மேகம் கணவாயை மூடினால் ஆடுகளோடு ஒரு நாள் உட்கார்ந்துவிடுவார்கள். லீவு முடிகிறது, ரயில் டிக்கெட் வீணாகிறது என்ற கவலை அவர்களுக்கு இல்லை. கோடை விடுமுறைக்காரர்களின் திட்டத்தில் அந்த உபரி நாள்தான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. சிறந்த ஸ்லீப்பிங் பேக்கும் முகாமுக்குள் இருக்கும்போதுதான் காப்பாற்றும். முகாமுக்குப் போய்ச் சேராதவருக்கு அதனால் பயனில்லை.

இவ்வளவு ஏற்பாடும் ஓர் இரவுத் தூக்கத்துக்குத்தானா என்று கேட்கலாம். ஐந்து மணி வாக்கில் கூடாரத்தின் ஜிப் திறக்கும் சத்தத்தில் விடை இருக்கிறது. எதிரே மலை முகட்டில் முதல் வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும். இரவெல்லாம் நடுங்கியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சமையல் கூடாரத்தில் டீ தயாரா என்று மட்டும் பார்ப்பார். நன்றாகத் தூங்கியவர்தான் மலையைப் பார்ப்பார்.